நூற்று அறுபது

ஜனவரியில் இது மூன்றாம் முறை.
பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு
பனிமேட்டில் ஏறுகிறேன்.
லாக்வரி இருட்டில் கிடக்கிறது.
ஸ்வானேத்தியின் கல்கோபுரங்கள் மட்டும்
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு.

டிரான்ஸ்ஃபார்மர் கூண்டருகே எனக்கு முன்பே
முர்ஸா வந்து நிற்கிறான், கைகளைக் கக்கத்தில் செருகி.
"எத்தேரி, பெரிசாய் ஒன்றைப் போட்டுத் தொலையேன்.
இருநூற்றைம்பது உன் பையில் இருக்கிறதல்லவா?"

இருக்கிறது.
அதுதான் தொல்லை.

போன ஃபியூஸைக் கழற்றி உள்ளங்கையில் வைக்கிறேன்,
இன்னும் இளஞ்சூடு.
இப்படி ஒன்றை ஒருமுறை உடைத்துப் பார்த்தேன்:
பீங்கானுக்குள் மணல்,
இழை எரிந்துபோன தடம் நெடுக
மணல் கண்ணாடியாகி இறுகியிருந்தது.

முர்ஸா, கணக்கு ஒன்றும் பெரிதில்லை.
இது நூறு கேவிஏ.
நானூறு வோல்ட் பக்கம் நூற்று நாற்பத்து நான்கு ஆம்பியர் சுமக்கும்.
மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கொடுத்தால் நூற்று அறுபது.
பத்தாயிரம் வோல்ட் பக்கம் ஆறு ஆம்பியர்கூட ஓடாது,
ஆனாலும் அங்கே பதினாறு வைத்திருக்கிறேன்.
ஏனென்றால் சுவிட்சைத் தள்ளிய நொடியில்
இந்தத் தொட்டி, தூக்கத்தில் உதை வாங்கிய எருதுபோல,
பத்து மடங்கு இழுத்துத் துள்ளும்.
ஒரு துள்ளலை மன்னிக்கலாம்.
ஓயாமல் இழுப்பதை மன்னிக்கக் கூடாது.
சின்னது, ஒவ்வொரு துள்ளலுக்கும் செத்துப்போகும்.
பெரியது,
மற்ற எல்லாம் செத்தபிறகும் உயிரோடிருக்கும்.

"கீழூரில் ஆணியைச் செருகினார்களே."
செருகினார்கள். ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை.
பதினொரு வாரம் மெழுகுவத்தி.

உனக்குத் தெரியாத ஒன்று:
போன மார்ச்சில் நெஸ்தானின் கைக்குழந்தைக்கு
ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்த இரவு,
பையில் சரியான ஃபியூஸ் இல்லை.
செம்புக் கம்பியைத்தான் வைத்தேன், நானும்.
எண்ணெய்ச் சூடு காட்டும் முள்ளுக்கு டார்ச் அடித்தபடி
விடியும்வரை இங்கே நின்றேன்.
முள் ஏற ஏற
வீடுவீடாகப் போனில் எழுப்பி
அடுப்பை அணைக்கச் சொன்னேன்.
எல்லாரும் திட்டினார்கள், நீயும்தான்.
அன்றைக்கு ஃபியூஸ் நான்.
இன்னொரு தடவை என்னால் ஆகாது.

சரி, இப்போது கூட்டிப் பார்.
நாற்பத்தொரு வீட்டின் அடுப்பு, பம்பு, விருந்தினர் விடுதியின் ஹீட்டர்,
எல்லாம் சேர்ந்தாலும் நூற்றுப் பத்தைத் தாண்டாது.
மிச்சம் எங்கே போகிறது?

மேட்டிலிருந்து திரும்பிப் பார்க்கிறேன்.
விளக்கில்லாத ஊரில் நிலாவெளிச்சம் போதுமாயிருக்கிறது.
நாற்பது கூரை வெள்ளை.
ஒரு கூரையில் மட்டும் பனி நிற்கவில்லை.
அதன் சுவரை ஒட்டி
ஊர் நாய்கள் அத்தனையும் சுருண்டு கிடக்கின்றன.

முர்ஸாவும் பார்த்தான்.
வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.
அது என் தம்பி பெஸோவின் வீடு.

அடுக்கடுக்காய் மெஷின் வைத்து
ராப்பகலாய் நாணயம் தோண்டுகிறான் போல,
கண்ணுக்குத் தெரியாத நாணயம்.
கண்ணுக்குத் தெரிந்த ஒன்று அவனிடம் இருந்தது,
அதை எந்த மெஷினுக்கு அடியில் தேடுவேன்?

காலையில் அவன் கம்பத்தில் ஏறி
அறுபத்து மூன்றை எடுத்துவிட்டு இருபத்தைந்து வைப்பேன்.
சண்டை வரும்.
ஞாயிறன்று அம்மாவின் நினைவு விருந்து
அவன் வீட்டில்தான்.

இப்போதைக்கு,
நூற்று அறுபதை இடுக்கில் அழுத்துகிறேன்.
மேலே சுவிட்சைத் தள்ளுகிறேன்.
எருது துள்ளி, அடங்குகிறது.
ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகின்றன.
கறுப்புக் கூரைக்கு அடியில் விசிறிகள் கிளம்பும் இரைச்சல்
இதுவரை கேட்கிறது.

"எத்தனை நேரம் தாங்கும்?" என்கிறான் முர்ஸா.

தெரியாது.
பையில் இன்னும் இரண்டு இருக்கின்றன,
அதே அளவில்.